எச்டி 650-இலிருந்து எச்டி 800 எஸ்-க்கு மாறலாமா? கேட்டுப் பழகியவர்களின் கருத்து தேவை

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாகச் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனைப் பயன்படுத்தி வரும் நான், அதே நிறுவனத்தின் எச்டி 800 எஸ்-ஐ வாங்கலாமா என்று யோசித்து வருகிறேன். இரண்டுமே 300 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குத் தரும் தடை) கொண்ட, காதுமூடியின் வெளிப்புறம் அடைபடாத திறந்த வகை என்பதால், என்னிடமுள்ள ஆம்ப்ளிஃபையரே போதும் என நம்புகிறேன்.

கடையில் கால் மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எச்டி 800 எஸ்-இல் தம்புராவின் நாதம் தலைக்கு வெளியே விரிந்து நின்றது; மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் ஓசைகூடத் தனியே பிரிந்து கேட்டது. ஆனால் மேல் ஸ்தாயியில் பெண் குரல் சற்றுக் கூர்மையாக உறுத்தியது. இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக் கேட்க அங்கு வசதி இல்லை. சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் காது மேலானதாக எடுத்துக்கொள்ளும் என்பதால், என் தீர்ப்பை நானே முழுதாக நம்ப இயலவில்லை.

நான் கண்ணாடி அணிபவன். எச்டி 650 புதிதாக இருந்தபோது, அதன் இறுக்கம் கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டோடு அழுத்தி, ஒரு மணி நேரத்தில் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். எச்டி 800 எஸ் ஏறத்தாழ 330 கிராம், அதாவது 70 கிராம் கூடுதல் என்றாலும், அகன்ற மெத்தைகள் காதைத் தொடாமல் சுற்றி அமர்ந்ததால் எடை தெரியவில்லை. மூன்று மணி நேரம், அதுவும் வியர்க்கும் கோடையில், அப்படியே இருக்குமா?

கண்ணாடியுடன் இதை நெடுநேரம் அணிபவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். அந்தக் கூர்மை நாளடைவில் பழகிவிடுகிறதா, ஒலியின் ஏற்ற இறக்கப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் குறைக்க வேண்டியிருக்கிறதா என்பதையும், ஒலியளவைச் சமன்செய்து ஒப்பிட எளிய வழி உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.