திருடன் தண்ணி குடிச்ச சொம்புல டிஎன்ஏ எடுத்தா ஆள புடிச்சிடலாம் இல்ல?

குடியாத்தம் பையன்:
எங்க தெருவுல ஒரு வூட்ல பீரோவ ஒடச்சி நகைய தூக்கினு பூட்டானுங்க, கிச்சன்ல சொம்புல தண்ணி வேற குடிச்சிருக்கான். போலீஸ் பீரோவுல கைரேகை எடுத்துகினு போனாங்க, சொம்ப தொடவே இல்ல. டிஎன்ஏ எடுத்தா உடனே மாட்டிப்பான் இல்ல, ஏன் எடுக்க மாட்றாங்க?

பாலாறு:
தம்பி, நம்ம ஊர்ல சொம்ப வாய்ல வெச்சா குடிக்கிறோம்? அண்ணாந்து தான். எச்சில் படலன்னா கையில இருந்து ஒட்டுன கொஞ்சம் செல்லுதான் இருக்கும், அதுமேல வூட்ல இருக்குற எல்லார் கையும் பட்டிருக்கும், நாலஞ்சு பேரோடது கலந்துட்டா எது யாருதுன்னு பிரிக்கிறது லேப்புக்கே கஷ்டம். சரி, ஒருத்தனோடது மட்டும் சுத்தமா கெடச்சிதுன்னே வெச்சிக்கோ, அத எதோட ஒப்பிடுவாங்க? அமெரிக்காவுல கோடிஸ்னு குற்றவாளிங்க டேட்டாபேஸ் இருக்கு. இங்க அதுக்காக கொண்டாந்த மசோதாவ 2023ல வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால மொதல்ல சந்தேகப்பட்ற ஆள் ஒருத்தன் சிக்கணும், அப்புறம்தான் டெஸ்ட்டு.

சத்துவாச்சாரி வக்கீல்:
கோர்ட்ல இத விட பெரிய சிக்கல் சாம்பிள் யார் கையில எத்தன நாள் இருந்துச்சுங்கறதுதான். தேனி சுருளி அருவி கிட்ட 2011ல நடந்த ரெட்டைக் கொலை கேஸ்ல ஹைகோர்ட் வரைக்கும் தூக்கு உறுதியாச்சு, டிஎன்ஏ ரிப்போர்ட்டும் இருந்துச்சு, ஆனா 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் அந்த ஆள விடுதலை பண்ணிடுச்சு. சாம்பிள லேட்டா அனுப்புனதுக்கு ஒழுங்கான காரணம் இல்ல, நடுவுல கலப்படம் ஆகியிருக்கலாம்ங்கற சந்தேகமும் தீரல. இனிமே 48 மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு போவணும், கை மாறுற ஒவ்வொரு எடத்தையும் பதிவு பண்ணணும்னு அந்த தீர்ப்புலயே சொல்லியிருக்காங்க. செத்தவங்க குடும்பத்துக்கு பதிலும் இல்ல, உள்ள இருந்தவனுக்கு போன வருஷங்களும் திரும்பாது, இத நெனச்சா வயிறு எரியுது.

காட்பாடி சிஸ்டர்:
வக்கீல் சார் சொல்றது நெசம். ரத்தம் பட்ட துணிய ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா நம்ம வேலூர் வெயிலுக்கு உள்ளயே புழுங்கி பூஞ்சை புடிச்சிடும், டிஎன்ஏ செதஞ்சி போயிடும். நிழல்ல காய வெச்சி பேப்பர் கவர்ல தான் போடணும்.

குடியாத்தம் பையன்:
அப்ப ஒருத்தனோடது ஒத்துப்போச்சுன்னாலே அவன்தான்னு சொல்ல முடியாதா அண்ணா?

பாலாறு:
அது அவனுதுன்னு சொல்லும், எப்ப வந்துச்சு எப்டி வந்துச்சுன்னு சொல்லாது. ஜெர்மனியில 2007ல ஹைல்பிரான்ல ஒரு பெண் போலீஸ கொன்னாங்க, அங்க கெடச்ச அதே பொம்பள டிஎன்ஏ சுமார் 40 எடத்துல வந்துச்சு, வருஷக்கணக்கா தேடுனாங்க. 2009ல பாத்தா அது சாம்பிள் எடுக்குற பஞ்சுக் குச்சிய தயாரிக்கிற எடத்துல வேல செஞ்ச ஒரு அம்மாவோடது. நீ அந்த சொம்ப யாரும் கழுவாம பாத்துக்க சொல்லு, எஸ்ஐ கிட்ட அத எடுத்துக்க சொல்லி எழுதியே குடுக்க சொல்லு, கைரேகையாச்சும் தேறும்.