மூழ்கிய போர்க்கப்பலில் எடுத்த பொருளுக்கு என்ன சொல்?

> 'உடைகலம்' பழைய இலக்கியத்திலேயே இருக்கிறதே. கண்டெடுத்ததை 'உடைகல மீட்புப் பொருள்' என்றால் போதாதா?

வணக்கம் ஐயா,

உடைகலம் நல்ல சொல்தான். ஆனால் முக்குளிப்போர் தேடிப்போகும் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதிக்குப் பொருந்தவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிடையே, முதல் உலகப்போர் முடிந்தபின் பிரிட்டன் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல்களை, 1919 ஜூன் 21 அன்று அவற்றின் மாலுமிகளே தண்ணீரை உள்ளே விட்டு மூழ்கடித்தார்கள். 52 கப்பல்கள் போயின. எதுவும் குண்டுபட்டு உடையவில்லை. ஆகவே 'அமிழ்கலம்' என்கிறேன். உடைந்த கப்பலும் கடைசியில் அமிழ்ந்ததுதானே? (முன்பு ஒருவர் சொன்ன 'குளிபொருள்' வேண்டாம், சோப்பு என்று நினைப்பார்கள்.)

என் பெரிய தயக்கம் 'மீட்பு' மேல். மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட்டின் மணியை 2015இல் அரசு அனுமதியோடு எடுத்து, போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அது மீட்பு, சரி. 1942இல் ஜாவா கடலில் மூழ்கிய டச்சுக் கப்பல்கள் டி ரூய்ட்டர், ஜாவா இரண்டையும் 2016இல் போய்ப் பார்த்தால் கப்பலையே காணோம், தரையில் பள்ளம்தான். உலோகத்துக்காக அள்ளிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறை அது. இதையும் மீட்பு என்று எழுதக் கை வரவில்லை, சூறை என்பேன்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர் சேகரிப்பாளர். பித்தளை வட்டச் சன்னலைக் கழற்றி வந்து கூடத்தில் மாட்டுகிறார். பிரிட்டனில் என்றால், எடுத்த 28 நாளுக்குள் அதற்கான அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்பது சன்னலைப் பார்த்தால் தெரியாது. அதனால் பொருளுக்கு 'அமிழ்கலப் பொருள்', செயலுக்கு வெறும் 'எடுப்பு' என்று வைத்துக்கொள்வோம். அனுமதி உறுதியானால் மட்டும் மீட்பு என்போம்.

---

> செயலுக்கு வெறும் 'எடுப்பு'

தம்பி, அமிழ்கலத்தை ஏற்கிறேன். 'எடுப்பு' என்றதும் எனக்கு எடுப்பான சேலைதான் நினைவுக்கு வருகிறது. 'அகற்றல்' எப்படி? கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்தது என்பதும் அதில் வந்துவிடும். தொல்லியலாருக்கு அதுதான் முக்கியம். கடலிரும்பை வெளியே எடுத்து அப்படியே காயவிட்டால், ஊறியிருக்கும் உப்பே அதைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். பித்தளை பரவாயில்லை.

நீருக்கடியில் உள்ள பண்பாட்டுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும் பொருளைக் கிடந்த இடத்திலேயே காப்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'கிடைக்காப்பு' என்று போட்டால் ஆட்டுக் கிடை என்று நினைப்பார்களோ?