மழைக்கு முன் தோட்ட வேலை: உங்கள் அனுபவம் என்ன?

புதுச்சேரி, ரெயின்போ நகரிலிருந்து:

எங்கள் தெரு பள்ளம். அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே தண்ணீர் வடிய வழி பார்த்துவிடுவோம், உரமெல்லாம் அப்புறம்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வாசலில் இருந்த கொரியன் புல் முழுகிவிட்டது. வடிந்ததும் மேலே படிந்த வண்டலை உடனே வழித்து எடுத்ததால் பெரும்பகுதி தப்பியது. வண்டி நிறுத்தி இறுகிப் போயிருந்த ஓரம் மட்டும் அழுகிவிட்டது.

இப்போது புரட்டாசியில் புல்தரை முழுக்கக் கம்பியால் நாலு விரல் ஆழத்துக்குக் குத்திவிடுகிறோம். சலித்த மணலில் மண்புழு உரம் கலந்து தூவி, தென்னந்துடைப்பத்தால் லேசாகப் பெருக்கினால் மணல் துளைகளுக்குள் இறங்கிவிடும். மழை ஓயும் வரை யூரியா வேண்டாம். பாதி கரைந்து ஓடிவிடும், மீதியில் வரும் இளந்தளிரில் பூஞ்சை பிடிக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அக்கா, எங்கள் மண்ணே மணல்தான், தண்ணீர் நிற்காது. எங்களுக்குக் காற்றுதான் பயம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்ததில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் வீட்டு முருங்கை ஓட்டின் மேல் விழுந்தது.

அந்த வருஷத்துக்கு அப்புறம் அப்பா முருங்கையை மழைக்கு முன்பே இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுகிறார். வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும், அதன் மேல் பசுஞ்சாணம் அப்ப வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி நடுத்தண்டு அழுகும். மார்கழியில் சுற்றிலும் துளிர்க்கும். நல்ல கிளை நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எடுத்தால் பங்குனியில் காய் பறிக்கலாம். தார் போட்ட வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டு, அவ்வளவுதான்.

வில்லியனூரிலிருந்து:

மல்லியை யாரும் சொல்லவில்லையே! குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசியில், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரத்தில். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். காய்ந்த குச்சியையும் உள்பக்கம் நெருக்கும் கிளையையும் எடுத்துவிடுங்கள். "பச்சையா இருக்கிறதை ஏம்மா வெட்டுற?" என்று என் மாமியார் வருஷா வருஷம் வருத்தப்படுவார். ஆனால் மல்லி புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடி உயரமாகப் போகும், பூ குறையும்.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் கிடைத்த பிறகு வெட்டுங்கள், ஈரத்தில் வேண்டாம். அப்புறம் தூரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் வையுங்கள். மார்ச்சில் மொட்டு வரத் தொடங்கிவிடும்.

ரெயின்போ நகர் அக்கா, உங்கள் பக்கம் தண்ணீர் நிற்குமென்றால் மல்லியைத் தரையில் வைக்காதீர்கள். பெரிய தொட்டியில் வைத்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.