11 பொருளில் எதை நிறுத்துவது? மனசு வரவில்லை

திருமங்கலம் மாவுக்கடை:
வணக்கம். வீட்டு வாசலிலேயே இட்லி மாவுக்கடை வைத்து 5 வருஷம் ஆகிறது. முதலில் இட்லி மாவு மட்டும்தான். ஒருத்தர் கேட்டார் என்று ராகி மாவு, இன்னொருத்தர் கேட்டார் என்று அடை மாவு, அப்புறம் சப்பாத்தி, இடியாப்பம், வடகம், ஊறுகாய் என்று இப்போது 11 ஆகிவிட்டது. காலை 4 மணிக்கு எழுந்தால் படுக்க 11 ஆகிறது. கையில் நிற்கும் காசோ இட்லி மாவு மட்டும் விற்ற காலத்தைவிடக் குறைவு.

போன மாதம் சப்பாத்தி அவசரத்தில் உளுந்தைப் பாதி ஆட்டலிலேயே வழித்துவிட்டேன். மாவு பொங்கவே இல்லை. முதல் நாளிலிருந்து வாங்கும் ஒரு அம்மா எதுவும் சொல்லாமல் மாவைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியை நிறுத்தச் சொல்கிறார் வீட்டுக்காரர். நிறுத்தினால் வருகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?

பேப்பர் கடை, தேனி:
அக்கா, எதையும் நிறுத்தாதீர்கள். ஒரு பொருள் இல்லை என்று சொன்னால் ஆள் அப்படியே போய்விடும். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிறு தொழிலுக்கான சிசு கடன் 50,000 வரை கிடைக்கும். பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, உதவிக்கு ஒரு ஆள் போடுங்கள்.

மல்லித்தோட்டம், உசிலம்பட்டி:
தங்கச்சி, நான் கடை வைத்தவன் இல்லை. ஒன்றரை ஏக்கரில் குண்டுமல்லி போட்டிருக்கிறேன். ஆனால் மனசு வரவில்லை என்கிறீர்களே, அது எனக்கு வருஷா வருஷம் கார்த்திகையில் வரும்.

மல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து பண்ண வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே இருப்பதை எல்லாம் வெட்டிவிட வேண்டும். ஏனென்றால் மல்லி பூப்பது புதுத் துளிரில்தான். பழைய கிளை எவ்வளவு பச்சையாக நின்றாலும் அது சாப்பிடத்தான் செய்யும், பூக்காது. சிக்கல் என்னவென்றால், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை ஏறுவதும் அதே பனிக்காலத்தில்தான். தை முகூர்த்தத்துக்குக் கிலோ 2,000, 3,000 என்று போகும். அந்த நேரத்தில் மொக்கு இருக்கிற செடியில் கத்தரியை வைக்க யாருக்கு மனசு வரும்?

ஒரு வருஷம் நான் வெட்டாமல் விட்டேன். அந்தத் தையில் நல்ல காசு பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பங்குனியில் பக்கத்துத் தோட்டம் முழுக்கத் துளிரும் மொக்குமாக நிற்கிறது, என் செடிக்குள் குனிந்து பார்த்தால் ஒரே இருட்டு. வெயிலும் போகவில்லை, அடித்த மருந்தும் போகவில்லை. மொட்டுப்புழு விழுந்து மொக்கெல்லாம் ஊதா நிறமாகிவிட்டது. விடியுமுன் வந்து பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்கக்கூடப் பூ தேறவில்லை. திரும்பி வந்த உங்கள் மாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த ஊதா மொக்குதான் கண்ணில் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. நான் இப்போது தோட்டத்தை மூன்று பங்காக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டு விட்டு வெட்டுகிறேன். பூ வரத்து ஒரேயடியாக அறுந்துபோவதில்லை. நீங்களும் ஒன்றிரண்டை முதலில் நிறுத்திப் பாருங்கள். எதை என்று தெரிய, ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். காசை மட்டும் எழுதாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு எத்தனை மணி நேரம் போனது என்பதையும் எழுதுங்கள்.

மாடித்தோட்டம், திருச்சி:
கடன் பற்றி ஒன்று சொல்லலாமா? புதிதாகத் தொட்டி வைத்தபோது இலை வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுவேன். இன்னும் வாடும், இன்னும் ஊற்றுவேன். அப்படியே ஆறு தக்காளிச் செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கறுத்திருந்தது. தண்ணீர் கூடினாலும் செடி வாடத்தான் செய்யும் என்று அப்போது தெரியாது. இப்போது விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. அதனால் கிரைண்டர் வாங்குவதற்கு முன்னால் அண்ணன் சொன்ன நோட்டை எழுதிவிடுங்கள், அப்புறம் கடனைப் பார்க்கலாம்.

திருமங்கலம் மாவுக்கடை (ஒரு வாரம் கழித்து):
அண்ணா, எழுதிவிட்டேன். இட்லி மாவுக்குத் தினமும் மூன்றரை மணி நேரம், செலவு போக 700 ரூபாய் நிற்கிறது. சப்பாத்திக்கு 3 மணி நேரம், நிற்பது 180. ஊறுகாயில் வாரம் இரண்டு பாட்டில் போகிறது, நல்லெண்ணெயில் போட்ட காசு அப்படியே கிடக்கிறது. அடை மாவைத்தான் முதலில் நிறுத்த நினைத்திருந்தேன். பார்த்தால் அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, 150 ரூபாய் நிற்கிறது! திங்கள் முதல் சப்பாத்தியும் ஊறுகாயும் கிடையாது என்று சிலேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சப்பாத்தி வாங்குகிற நாலு வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் முகம் சுளித்தார்.

மல்லித்தோட்டம், உசிலம்பட்டி:
நல்லது தங்கச்சி. ஒன்றை மறக்காதீர்கள். கவாத்து பண்ணிய கையோடு செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரமாவது வைப்போம். வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் துளிர் நோஞ்சானாகத்தான் வரும். மிச்சமாகிற 3 மணி நேரத்தில் இன்னொரு புதுப் பொருளை நுழைத்துவிடாதீர்கள். அதை இட்லி மாவுக்கே கொடுங்கள்.

திருமங்கலம் மாவுக்கடை:
சரி அண்ணா. நாளையிலிருந்து உளுந்துதான் முதலில். பந்து பந்தாக வரும் வரை கிரைண்டரை விட்டு நகர மாட்டேன். அந்த அம்மா வீட்டுக்கு முதல் பாக்கெட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.