மறு: மேக்னடிக் நானோபார்ட்டிக்கிள் பயோசென்சர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> "காந்த நானோதுகள் உயிரி உணரி" என்று வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா, பொருளில்தான் இடிக்கிறது. படிக்கிற மாணவர், துகள்தான் உணர்கிறது என்று நினைத்துக்கொள்வார். துகள் எதையும் உணர்வதில்லை. மாரடைப்பா என்று பார்க்க ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம்) தேடுகிறோம் என்று வையுங்கள். சில்லின் (சிப்) மேல் ஒட்டவைத்த ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பற்றும் புரதம், ட்ரோபோனினைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு ஆன்டிபாடி வந்து அதன் மறுபக்கத்தைப் பற்றும். இரும்பு ஆக்சைடுத் துகள் தொற்றிக்கொள்வது இந்த இரண்டாவதில். அடியில் இருக்கும் காந்தத்தடை உணரி அளப்பது அந்தத் துகளின் காந்தப்புலத்தை மட்டுமே. (இயற்பியலாளர்கள் ஃபெர்ட்டும் குருன்பெர்க்கும் 1988 வாக்கில் தனித்தனியே கண்டு, 2007இல் நோபல் வாங்கினார்களே, காந்தப்புலம் பட்டால் மின்தடை மாறும் அதே விளைவு. ஹார்ட் டிஸ்க் படித்துக்கொண்டிருந்தது, இப்போது ரத்தம் பார்க்கிறது.)

அப்படியானால் துகளுக்கு என்ன வேலை? புதருக்குள் மேயும் ஆட்டின் கழுத்துமணிக்கு என்ன வேலையோ அதுதான். ஆடு கண்ணில் படாது, மணி கேட்கும். ரத்தத்தில் வேறு காந்தச் சத்தம் ஏறக்குறைய இல்லை என்பதால் இந்த மணி தெளிவாகக் கேட்கிறது. ஒளியை வைத்து அளந்தால் மாதிரியின் நிறமும் கலங்கலும் குறுக்கே வரும்.

அதனால் என் பரிந்துரை: காந்தமணி. ஆய்வகத்தில் நாள் முழுக்க 'மேக்னடிக் பீட்ஸ்' என்றுதானே சொல்கிறோம்? பீடுக்கும் மணி, பெல்லுக்கும் மணி. இந்த வசதி தமிழில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்வோம். செய்முறைக்குக் 'காந்தமணிச் சோதனை', அடியில் உள்ள சில்லுக்குக் 'காந்த உணரி'. 'உயிரி' வேண்டவே வேண்டாம். அது அமீபாவைத்தான் நினைவூட்டுகிறது.

> மணி என்றால் கையில் எடுக்கிற அளவு தோன்றுகிறதே. 10 நானோமீட்டரைப் போய் மணி என்பதா?

நெல்லும் மணிதான், கோயிலில் தொங்குவதும் மணிதான் அம்மா. ஆனாலும் கேள்வி நியாயம். மைக்ரோமீட்டர் அளவில் விற்கும் மணிகள் பல, நானோ படிகங்களைப் பாலிமருக்குள் அடைத்தவை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நானோ காந்தமணி' என்போம்.

> சூப்பர்பாராமேக்னடிக்: அதிகாந்தம்?

இதற்கு மட்டும் கடுமையாக மறுக்கிறேன். அதிகாந்தம் என்றால் பலத்த காந்தம் என்றாகிவிடும். மணிகள் கலந்த நீரால் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும் சோதனைக் குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் மணிகள் ஒரு பக்கமாகப் பழுப்புத் தீற்றலாய் ஒட்டிக்கொள்ளும், மீதி நீர் தெளிந்துவிடும். காந்தத்தை எடுத்துக் குலுக்கினால் பழையபடி காப்பி. புலம் போனதும் காந்தத்தன்மையும் போய்விடுவதால்தான் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் பிரிகின்றன. சூப்பர்கண்டக்டருக்கு மீக்கடத்தி ஏற்கெனவே புழங்குகிறது, பாரா காந்தம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 'மீபாரா காந்தம்' போதும்.

பயோமார்க்கருக்கு (ட்ரோபோனின் போல உடலின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) யாரோ சொன்ன 'நோய்ச்சுட்டி' அழகுதான். ஆனால் கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்சிஜியும் மார்க்கர்தான், அது நோயா? 'உயிர்ச்சுட்டி' என்று பொதுவாக வைத்து, தேவைப்படும் இடத்தில் நோய்ச்சுட்டி என்போம். கணினிச் சுட்டியோடு குழம்பும் என்பவர்கள், வீட்டில் சுட்டிப் பிள்ளையோடு குழம்பாதவர்கள்தானே?

ஆன்டிபாடி எதிர்ப்பொருளா பிறபொருளெதிரியா என்ற பழைய சண்டையை இந்த இழையில் நான் தொடங்கப்போவதில்லை.