பொட்டம் பிராக்கெட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், தொழிற்பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். துவிச்சக்கரவண்டி திருத்தும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு பாகத்தில் வந்து நிற்கிறேன். பெடல் தண்டுகள் இரண்டும் மாட்டும் இடத்தில், சட்டகத்தின் அடியில் குறுக்காக ஒரு குழாய் இருக்கிறதல்லவா? அதற்குள் சுழலும் அச்சு, இரண்டு பக்கமும் திருகிய கப், உள்ளே குண்டுகள், இந்த முழுத் தொகுதிக்கும்தான் பெயர் வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் 'பொட்டம் பிராக்கெட்'. பிள்ளைகள் வாயில் 'பிபி'. 'அடித்தாங்கி' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு பிள்ளை அதை வண்டியை நிறுத்தும் ஸ்டாண்ட் என்று விளங்கிக்கொண்டாள். இங்குள்ள மழைக்கும் ஏற்றத்துக்கும் சீக்கிரம் கெட்டுப்போவது இந்தப் பாகம். அதனால் இதைத்தான் முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், வண்டி நமக்குப் புதிதில்லை. சக்கரத்தின் நடுக்கட்டையைத் தச்சர்கள் குடம் என்பார்கள், அதற்குள் அச்சு. குறள் 667 உருள்பெருந்தேருக்கு அச்சாணியைச் சொல்கிறது. அச்சாணி என்பது சக்கரம் கழன்றுபோகாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி. ஆகவே அதை இங்கே இழுக்கக் கூடாது. ஆனால் புறநானூறு 102ஐப் பாருங்கள். எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை. சகடத்தில் பண்டம் நிறைய. 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நேருமோ என்று உப்பு வணிகரான உமணர் 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்குவதும் மேட்டில் ஏறுவதும் நம் பாதைதானே! கீழ்மரத்தில் கட்டிய அச்சு என்று ஔவையாரே சொல்லிவிட்டார். அதனால் 'கீழச்சு' என்கிறேன். இன்னொன்று. 'துவிச்சக்கரவண்டி' என்ற வடசொல் கூட்டை இன்னும் எத்தனை காலம் பாடநூலில் சுமக்கப்போகிறோம்? ஈருருளி என்று எழுதுங்கள்.

கண்டி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் சேம அச்சு என்பது மாற்று அச்சு. ஓடுகிற அச்சு முறிந்தால் எடுக்க வைத்திருப்பது. ஓடும் பாகத்துக்கு அதைக் கொடுத்தால் புலவரின் உவமையே கெடும், அதியமான் மகன் எழினியைச் சேம அச்சு என்றதன் நயமும் போய்விடும். தவிர, அச்சு மட்டும் இந்தத் தொகுதி ஆகாது.

என் எண்ணம் 'போதிகை'. நம் விஞ்ஞானப் பாடநூல்களில் பெயாரிங் என்பது குண்டுப்போதிகை. பழைய பொருளில் போதிகை என்பது கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல். கட்டடக் கலையில் பிராக்கெட் என்றாலும் அதேதான். இரண்டு பொருளும் ஒரு சொல்லில் கூடுகின்றன. 'அடிப்போதிகை' என்று வைக்கலாம்.

துவிச்சக்கரவண்டியை விடுங்கள் ஐயா. பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து பரீட்சைத் தாள் வரை அதுதான் இருக்கிறது. வடவெழுத்தை நீக்கிவிட்டு வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியர் அப்போதே வழி விட்டிருக்கிறார்.

நுவரெலியா, சைக்கிள் திருத்துபவர்:

ஐயாமார் கோபிக்கவேண்டாம். பெயர் எதுவானாலும் சரி, அதைப் படிக்கும் பிள்ளை சரியான சாவியை எடுக்கவேண்டும். முதலில் எந்த வகை என்று பார்க்கவேண்டும். பழைய ரோட்டு சைக்கிளில், கிராங்கை, அதாவது பெடல் தண்டை, அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் இருக்கும். நட்டைப் பின்னின் நுனி வரை கழற்றிவிட்டு, கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துத்தான் அடிக்கவேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்கக் குண்டுக்கும் கப்புக்கும் போகும். சதுர அச்சு என்றால் போல்ட்டைக் கழற்றி, வாஷர் உள்ளே நிற்கிறதா என்று பார்த்து, கிராங்க் இழுப்பானின் 22 மி.மீ. திருகுப் புரியைக் கடைசி வரை கையால் ஏற்றவேண்டும். அரைகுறையாக ஏற்றி இழுத்தால் கிராங்கின் புரியே பிய்ந்து வரும். அதற்குப் பிறகு அந்தக் கிராங்கை இந்த இழுப்பானால் எடுக்க முடியாது.

பிறகு இடப்பக்கப் பூட்டு வளையம், இடக் கப், கடைசியில் வலக் கப். குண்டுகள் கால் அங்குலம், தனித்தனியாகப் போட்டால் பக்கத்துக்கு 11. குண்டுகளை உள்ளேயே அடைத்து வரும் மூடிய வகைக்கு 20 பல்லுச் சாவி. புதிதை வாங்கும்முன் குழாயின் அகலத்தை அளக்கவேண்டும், 68 மி.மீ. அல்லது 73. கப்பைக் 'கிண்ணம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் டீச்சர். அந்தப் பெயரைச் சொல்லி இங்கே எந்தக் கடையிலும் சாமான் வாங்க முடியாது.

பண்டாரவளை, கணித ஆசிரியர்:

திருத்துபவர் அண்ணன் புரியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். வலக் கப்புக்கு மறுபுரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும் புரி. குண்டுகள் உருளும்போது கப் மெல்ல மெல்ல எதிர்த்திசையில் நகரப் பார்க்கும். சாதாரணப் புரி என்றால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும், அதனால்தான் அப்படி. இத்தாலிய அளவிலும் பழைய பிரெஞ்சு அளவிலும் இரண்டு பக்கமும் சாதாரணப் புரி.

இதை 'இடம்புரி' என்று எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு கைவிட்டேன். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை உயிரியலாளர் இடப்பக்கம் சுழல்வது என்கிறார்கள். பார்க்கும் முனை மாறினால் பெயரும் மாறிவிடும். வலஞ்சுழி (கடிகார முள் சுற்றும் திசை), இடஞ்சுழி (அதற்கு எதிர்) என்று திருப்பும் திசையைச் சொல்வதே பாதுகாப்பு. வலக் கப்பை வலப்பக்கம் நின்று பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடக் கப்பை இடப்பக்கம் நின்று இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இன்னும் எளிது வேண்டுமானால், சாவியை மேல்நோக்கிப் பிடித்து முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும், பின்சக்கரப் பக்கம் இழுத்தால் இரண்டும் இறுகும். பெடலுக்கு இதற்கு நேர்மாறு.

ஹட்டன், தொழிற்பயிற்சி ஆசிரியை:

பெரிய உதவி சேர். முன்னே தள்ளு, பின்னே இழு என்பதை அப்படியே குறிப்பில் போடுகிறேன். பெயர் இன்னும் நிற்கிறது. 'மிதியச்சு' என்று தனிமடலில் இருவர் எழுதினார்கள். ஆனால் பெடலுக்குள்ளேயும் ஓர் அச்சு உண்டு. அதைத்தான் பிள்ளைகள் மிதியச்சு என்று நினைப்பார்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் கிராங்கோடு சுழலும் அச்சை வைத்துப் பெயர் கட்டுங்கள். கீழச்சை விட்டுத்தருகிறேன், குடத்தை விடமாட்டேன். 'சுழலச்சுக் குடம்.' குழாய்க்குக் குடம், உள்ளே சுழலச்சு. பிரித்துச் சொன்னாலும் பொருள் நிற்கும்.

கண்டி, மொழிபெயர்ப்பாளர்:

குடம் சக்கரத்தின் நடுவுக்கு உரிய சொல். நாளைக்கு ஹப் பற்றிய பாடம் வரும்போது அதற்கு என்ன வைப்பீர்கள்? நான் போதிகையிலேயே நிற்கிறேன்.

நுவரெலியா, சைக்கிள் திருத்துபவர்:

சுழலச்சு என்பது விளங்குகிறது. பக்கத்தில் பிபி என்றும் போடுங்கள்.

பண்டாரவளை, கணித ஆசிரியர்:

எனக்கும் அதுவே சரி. நேரமும் இல்லை.

ஹட்டன், தொழிற்பயிற்சி ஆசிரியை:

தலைப்பில் 'சுழலச்சுத் தொகுதி (பிபி)' என்று போடுகிறேன். கப், கொட்டர் பின், பூட்டு வளையம் அப்படியே இருக்கட்டும். குடத்தை ஹப்புக்கு வைத்துக்கொள்வோம் ஐயா. துவிச்சக்கரவண்டியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, அது பாடத்திட்டத்தில் உள்ள பெயர்.

கண்டி, மொழிபெயர்ப்பாளர்:

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். குண்டுப்போதிகை என்று விஞ்ஞான வகுப்பில் படித்த பிள்ளைக்கு, அதே குண்டுகள் உள்ள பாகத்தில் போதிகை என்ற சொல்லே வராமல் போகிறது. அடுத்த பதிப்புக்கு இதை மீண்டும் எடுப்பேன்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஈருருளியையும் சேர்த்து எடுங்கள்.