பிரைமரிக்கு இவ்வளவு முன்பே வரும் கருத்துக்கணிப்பை எப்படி எடுத்துக்கொள்வது?

முதல்_ஓட்டு:
அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து, முதல் முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறேன். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் எனக்குப் பிடித்தவருக்காக வார இறுதிகளில் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கவும் ஆசை. ஆனால் இதுவரை வந்த கணிப்புகள் எல்லாவற்றிலும் அவர் பட்டியலின் அடியில்தான் இருக்கிறார். "ஜெயிக்காதவருக்கு எதற்கு அலைகிறாய்" என்று அப்பா கேட்கிறார். இவ்வளவு சீக்கிரம் எடுக்கும் கணிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது?

பனிவயல்:
தம்பி, 2007 இலையுதிர்காலத்தில் நான் அயோவாவில் படித்துக்கொண்டிருந்தேன். மாலை நேரங்களில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் கேள்வி கேட்கும் வேலை. அந்த நான்கு மாதங்களில் பார்த்ததைச் சொல்கிறேன்.

"இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்போம். எதிர்முனையில் அமைதி. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும், குழந்தை அழும். அப்புறம் பெயர்களை வாசிப்போம். முதலில் வரும் பெயருக்குச் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கணினி ஒவ்வொரு அழைப்புக்கும் வரிசையை மாற்றித் தரும். பலர் தெரிந்த பெயர் வந்ததும் "ஆங், அவர்" என்பார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று ஒரு பாட்டி வெளிப்படையாகவே சொன்னார்.

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்பவர்களையும் அப்படியே விடமாட்டோம். "சரி, இப்போதைக்கு எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்?" என்று இன்னொரு கேள்வி உண்டு. தயங்கித் தயங்கி ஒரு பெயர் வரும். உறுதியாகச் சொன்னவரும், இப்படி இழுத்துப் பிடித்துச் சொல்ல வைத்தவரும் கடைசியில் ஒரே எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். செய்தியில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தயக்கம்தான் காதில் கேட்கும்.

அந்த ஆண்டு முழுக்க நாடு தழுவிய கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டன் முன்னணி. குடியரசுக் கட்சியில் பெரும்பாலும் ரூடி ஜூலியானி. 2008 ஜனவரி 3 அன்று அயோவா காகஸில் (கட்சிக்காரர்கள் கூட்டம் கூடித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒபாமா ஜெயித்தார், ஹிலாரி மூன்றாம் இடம். ஜூலியானி அந்த மாத முடிவிலேயே போட்டியை விட்டு விலகிவிட்டார். நாங்கள் கேள்வி கேட்டதில் தப்பில்லை, மக்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்காத நேரத்தில் கேட்டோம், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடித்தவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று முதலில் தேடிப் பாருங்கள். சில கணிப்புகளில் "இவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்குத் தெரியாது" என்றவர்களின் விழுக்காட்டைத் தனியே போட்டிருப்பார்கள். அது பெரிதாக இருந்தால், அவர் இன்னும் தோற்கவில்லை, அறிமுகமே ஆகவில்லை என்று அர்த்தம். 1976 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டருக்கு காலப் என்ற நிறுவனத்தின் கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரிடையே 4 சதவீதம்தான். அந்த நவம்பரில் அவர் அதிபர் தேர்தலில் ஜெயித்தார்.

எண்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். 1000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை கணிப்பின் எண்ணுக்கு மேலேயோ கீழேயோ விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 3 புள்ளி. அது ஒவ்வொருவரின் எண்ணுக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்குப் பிழை இன்னும் பெரிது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை போகும். பிரைமரி கேள்விக்கு ஒரு கட்சிக்காரர்களை மட்டும் பிரித்தெடுப்பதால் 1000 பேர் 400 ஆகிவிடுவார்கள், பிழையும் பெரிதாகும். அங்கே ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் வித்தியாசம் பார்க்கவே கூடாது.

தெற்குவாசல்:
பனிவயல் அக்கா சொல்வதை ஒரு பாதிதான் ஏற்கிறேன். 2015 ஜூலையிலிருந்து குடியரசுக் கட்சிக் கணிப்புகளில் பெரும்பாலும் டிரம்ப் முன்னணி. பெரிய விமர்சகர்கள் எல்லாம் "இது நிற்காது" என்றார்கள், ஆனால் நின்றது. இன்னொன்று, கணிப்பே போட்டியை மாற்றுகிறது. 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் நடந்த முதல் விவாதத்துக்கு 17 பேரில் 10 பேரைத் தேர்ந்தெடுத்ததே தேசியக் கணிப்புகளின் சராசரியை வைத்துத்தான். மற்றவர்களை அன்று மாலையே, பார்வையாளர் குறைந்த நேரத்தில், தனி மேடையில் நிறுத்தினார்கள். அடியில் இருப்பவருக்கு நன்கொடையும் வராது. அதனால் "இப்போதைக்குக் கண்டுகொள்ளாதே" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனிவயல்:
தெற்குவாசல் சொல்வது சரி, விவாத மேடை விஷயத்தை நான் யோசிக்கவில்லை. தொலைபேசியில் ஒரு பெண் எங்களிடம் தயங்கிச் சொன்ன பெயர்கூட யாரோ ஒருவரை மேடை ஏற்றும், இல்லை இறக்கும் என்பது நினைத்தால் கனமாக இருக்கிறது. தம்பி, அப்படியென்றால் நீங்கள் வீடு வீடாகப் போக வேண்டிய நேரமே இதுதான். அந்தப் பாட்டியிடம் யாராவது போய்ப் பேசியிருந்தால் அன்று அவருக்கு இரண்டு பெயராவது கூடத் தெரிந்திருக்கும்.

முதல்_ஓட்டு:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி தேடிப் பார்த்தேன். என் ஆளைத் "தெரியாது" என்றவர்கள்தான் பாதிக்கு மேல். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். சனிக்கிழமை நானும் வருகிறேன் என்கிறார்.